தூசி வெள்ளை, புகை நீலம்

பஞ்சுக் கிடங்கில் அவளுக்குப் 'புகையக்கா' என்று பெயர். போன மாதம் கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய வெயிலில் தூசி பறந்ததைப் பார்த்து, "ஐயையோ, புகை!" என்று அவள் போட்ட கூச்சலில் நாற்பது பேர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வெளியே ஓடினார்கள். தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி. சூப்பர்வைசரிடம் நடையாய் நடந்து அவள் சுமைதூக்கும் வேலை வாங்கிக் கொடுத்த அதே தம்பிதான்.

அன்றும் சாப்பாட்டு நேரம். பேல்களின், அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிகளின், எண்ணிக்கை எழுதும் அட்டையோடு கடைசி அடுக்குப் பக்கம் போனவள் சட்டென்று நின்றாள். வெயில் வழக்கமான இடத்தில்தான் விழுந்தது. நிறம்தான் சரியில்லை. பஞ்சுத் தூசி எப்போதும் வெள்ளை வெளேரென்று மினுங்கும். இன்று அந்த இடம் இளநீலமாக இருந்தது.

அந்த அவமானத்துக்குப் பிறகு அவளுடைய மகள் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு டார்ச் அடித்துக் காட்டியிருந்தாள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் நீலம் தட்டியது. டார்ச்சுக்கு எதிரே நின்று பார்த்தால் மஞ்சள். "ரொம்பப் பொடிசா இருக்கறது வெளிச்சத்துல நீலத்தைத்தாம்மா அதிகமா சிதறடிக்கும். வானம் நீலமா இருக்கறது அதனாலதான். பெரிய தூசி எல்லா நிறத்தையும் சேத்துச் சிதறடிக்கும், அதான் வெள்ளை. நீ பாத்தது வெறும் தூசிம்மா."

அப்படியானால் இது தூசி இல்லை. கட்டிவைத்த ஏதோ ஒரு பேலின் நடுவில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கிறது. கொட்டை நீக்கும் மெஷினில் ஒரு பொறி ஒட்டினால் போதும், வெளியே தெரியாமல் நாள்கணக்கில் பஞ்சுக்குள்ளேயே கிடக்கும். நாற்றம் வராதா என்றால், வருடக்கணக்காகப் பஞ்சு அடைத்த மூக்குக்கு என்ன தெரியும்!

அந்த அடுக்கின் உச்சியில், கூரையை ஒட்டி, தம்பி படுத்திருந்தான். சாப்பிட்ட கையோடு அங்கே ஏறி ஒரு தூக்கம் போடுவது அவன் வழக்கம்.

அவள் சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"மறுபடியுமா? உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?"

"நீலமா இருக்கு சார்."

"வானமும்தான் நீலமா இருக்கு. அதுக்கும் வண்டியைக் கூப்பிடட்டுமா?"

"அதே கணக்குதான் சார் இதுவும்! நம்பலைன்னா அந்த வெளிச்சத்துக்குள்ள நின்னு மேல பாருங்க."

அவளை மட்டம்தட்டுவதற்காகவே அவர் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். கூரைக் கண்ணாடி சாயங்கால வெயில் மாதிரி பழுப்பு மஞ்சளாகத் தெரிந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு! அவர் முகம் வெளிறிப்போயிற்று. உடனே, அந்தக் கிடங்கில் யாராக இருந்தாலும் செய்கிற தப்பைச் செய்யப் போனார். பேலைச் சுற்றிக் கட்டிய பட்டையை வெட்டும் கத்தரியை எடுத்தார்.

"எந்த பேல்னு வெட்டிப் பாத்துடலாம்."

அவள் அவர் கையைப் பிடித்துவிட்டாள். "வெட்டினா உள்ள காத்து போகும் சார், குப்புனு புடிச்சுக்கும். மேல என் தம்பி இருக்கான். மணியடிங்க, ரெண்டு ஆளை இங்க அனுப்புங்க!"

அவர் ஓடினார். அவள் மேலே பார்த்துக் கத்தினாள். "டேய்! இறங்குடா! நெருப்பு!"

பதில் இல்லை. விளிம்பில் அவனுடைய ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. அது லேசாக ஆடியது.

முழித்துக்கொண்டுதான் கிடக்கிறான்! புகையக்கா மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்று கள்ளத் தூக்கம் போடுகிறான். "விளையாடாதடா பாவி! செத்துத் தொலையப் போற!" பாதம் இன்னொரு தரம் ஆடியது. அவ்வளவுதான். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று வாசலைப் பார்த்து நாலு எட்டு வைத்தும்விட்டாள். ஐந்தாவது எட்டுக்கு மனசு வரவில்லை.

படிக்கட்டு மாதிரி அடுக்கியிருந்த பேல்கள் மேல் கையூன்றி ஏறினாள். பாதி வழியில் ஒரு பேல் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சுட்டது. உச்சிக்குப் போனதும் கன்னத்தில் ரெண்டு வைத்தாள். "நடிப்பா? என் உசுரு போகுது, உனக்கு நடிப்பா?" சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கல்லாய்க் கனத்தான். அங்கே தேங்கிய புகையில் அவளுக்கும் கண் இருட்டியது. திட்டிக்கொண்டே ஒவ்வொரு பேலாக அவனை உருட்டி இறக்கினாள். கீழே வந்து நின்ற இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசலைத் தாண்டிய சிறிது நேரத்தில் உள்ளே அடுக்கு சரியும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது தீ கூரையைத் தொட்டிருந்தது.

மரத்தடியில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். அவன் வாந்தியெடுத்தான். அவள் வாய் இன்னும் ஓயவில்லை. "விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமாடா? கூப்பிட்டா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்று மறுபடி கையை ஓங்கினாள்.

"கேட்டுச்சுக்கா." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ரெண்டு தடவை கூப்பிட்டதும் கேட்டுச்சு. வாயைத் தொறக்க முடியல. எந்திரிக்க முடியல. காலை ஆட்டினா நீ பாப்பேன்னு ஆட்டினேன். அப்புறம் நீ திரும்பிப் போற சத்தமும் கேட்டுச்சுக்கா."

ஓங்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.