நான்காவது எல்லைக்கல்

கஸ்தூரி போன் செய்தபோது ருமானா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கஸ்தூரி, நகராண்மைக் கழகத்தில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் அதிகாரி.

“சிஸ்டர், உங்க வீட்டு பிளான் இந்த மாசக் கூட்டத்துக்கே போகுது. செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு நிலத்தைப் பார்க்க வரேன். நாலு எல்லைக்கல்லும் கண்ணுக்குத் தெரியணும். இல்லன்னா நான் ரிப்போர்ட் எழுத முடியாது.”

“தெரியும், மேடம்! எல்லாம் தெரியும்!” என்று கத்திய ருமானா, கையிலிருந்த ஈரச் சட்டையோடு உள்ளே ஓடினாள். “மச்சான்! வராங்க! செவ்வாய்க்கிழமை வராங்க!”

அவள் கணவன் ஹாரூன் ஊன்றுகோலைத் தேடிக்கொண்டே எழுந்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்புவரை அவன் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய், ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தான். ஒரு மழைநாள் விபத்துக்குப் பிறகு வலது கால் இருந்தும் இல்லாதது போலாகிவிட்டது. அன்றிலிருந்து ஸ்கூடாயில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியின் மூன்றாவது மாடியே அவன் உலகம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மட்டும் படி படியாக உட்கார்ந்து எழுந்து இறங்குவான். செடெனாக் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி அவர்கள் வாங்கிப் போட்டிருந்த அரை ஏக்கரில், ஒரு படிகூட இல்லாத வீடு ஒன்றை அவன்தான் வரைந்தான். அகலமான கதவுகள், வாசலில் சாய்தளம். பதிவு பெற்ற வரைபடக்காரர் திருச்செல்வம் அதற்கு முறையான வடிவம் கொடுத்துக் கையெழுத்திட்டார்.

விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்றவே ஒன்றரை வருடம் பிடித்தது. அதன் பிறகு வரைபடம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை, சமையலறை வாய்க்காலுக்கு மிக அருகில் இருந்தது. இரண்டாவது முறை, கழிவுத் தொட்டியின் இடம் குறிக்கப்படவில்லை. இப்போது எஞ்சியிருந்தது இந்த ஒரு பார்வையிடல் மட்டும்தான்.

சனிக்கிழமை காலை திருச்செல்வத்தையும் அழைத்துக்கொண்டு மூவருமாக நிலத்துக்குப் போனார்கள். முன்பக்கம் இரண்டு கல், பின்பக்க இடது மூலையில் ஒன்று. புல்லைச் செதுக்கியதும் மூன்றும் தெரிந்தன. பின்பக்க வலது மூலையில்தான் ஒன்றையும் காணோம். ஆள் உயர லாலாங் புல், அதற்கப்பால் வாய்க்கால்.

திருச்செல்வம் தனக்குத் தெரிந்த நில அளவையாளருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வர முடியுமாம், பாய். அடுத்த கூட்டம், அதுக்கடுத்த கூட்டம்னு தள்ளிப் போயிடும்.”

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தாள் ருமானா. “காளிதாஸ் காத்திருக்க மாட்டாரே.” காளிதாஸ் அவர்கள் பேசி வைத்திருந்த வீடு கட்டும் குத்தகையாளர். இந்த மாதம் அனுமதி வராவிட்டால் மெர்சிங்கில் ஒரு தங்கும் விடுதி வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். போனால் வருடக் கடைசிவரை திரும்ப மாட்டார்.

ஹாரூன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பழைய அளவைத் தாளை மடியில் விரித்து வெகு நேரம் பார்த்தான்.

“ருமா, காணாமப் போன கல்லு பின்னாடி இடது பக்கக் கல்லுலேருந்து எவ்வளவு தூரம்னு இதுல இருக்கு. முன்னாடி வலது பக்கக் கல்லுலேருந்தும் இருக்கு. ரெண்டு கயிறு எடு. ஒவ்வொண்ணையும் சரியா அந்த நீளத்துக்கு அளந்து பிடிச்சா, ரெண்டு முனையும் சேர்ற இடத்துலதான் கல்லு இருக்கணும். வேற எங்கயும் இருக்க முடியாது.”

திருச்செல்வம் அவனை ஒரு கணம் பார்த்தார். “இது எனக்கு ஏன் தோணல?” என்று சிரித்தபடி காரிலிருந்து கயிற்றை எடுத்து வந்தார்.

ருமானா முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கத்தியோடும் இரண்டு கயிற்று முனைகளோடும் புல்லுக்குள் இறங்கினாள். திருச்செல்வம் முன்பக்கக் கல்லருகே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஹாரூன் பின்பக்கக் கல்லருகே உட்கார்ந்து மற்றக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “வலது பக்கம் போ! இன்னும்! தொய்யுது, இழு!” என்று குரல் கொடுத்தான். இரண்டு முனைகளும் சேர்ந்த இடத்தில் கல் இல்லை. இடுப்புயர மண்மேடுதான் இருந்தது.

“வாய்க்கால் தூர் வாருனப்ப எந்திரம் கொட்டுன மண்ணு, சிஸ்டர்,” என்றார் திருச்செல்வம். “கல்லு அடியில இருக்கலாம். இல்ல, எந்திரம் பிடுங்கியும் போட்டிருக்கலாம்.”

“இருக்கும்,” என்றாள் ருமானா. மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மாறி மாறி வெட்டினார்கள். ஒரு முறை ‘டங்’ என்று கேட்டதும் ருமானா கூவிவிட்டாள். அது உடைந்த சிமெண்டுக் குழாய்த் துண்டு. உள்ளங்கை கொப்பளித்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேடு தரைமட்டமானது. அதற்குக் கீழேயும் ஒரு சாண் போனார்கள். மறுபடி ‘டங்’.

“நிறுத்துங்க! அசைச்சிடாதீங்க!” என்று திருச்செல்வம் அலறினார். “அசைஞ்சா அது செல்லாது!”

ருமானா மண்டியிட்டு விரல்களால் மண்ணை விலக்கினாள். சதுரமான சாம்பல் நிறத் தலை தெரிந்தது. நடுவில் சின்னக் குழி. நிமிர்ந்து, நேராக, யாரும் தொடாமல் நின்றுகொண்டிருந்தது.

“மச்சான்! இருக்கு! இங்கதான் இருக்கு!”

“நான் வரேன்!”

“வேணாம், பள்ளமா கிடக்கு!”

அவன் கேட்கவில்லை. வெட்டிய புல்லின் மேல் ஊன்றுகோலைக் குத்திக் குத்தி அத்தனை தூரமும் வந்தான். வேர்த்து வழிய, அவள் தோளைப் பற்றிக் குனிந்து கல்லைத் தொட்டான். “அல்ஹம்துலில்லாஹ்,” என்றான். பிறகு, “அளவு பாருங்கண்ணே,” என்றான். அளந்தார்கள். ஒரு விரற்கடைகூட வித்தியாசமில்லை.

செவ்வாய்க்கிழமை கஸ்தூரி ரப்பர் காலணியோடு வந்து, நான்கு கற்களையும் படமெடுத்தாள். வாய்க்காலிலிருந்து சமையலறைச் சுவர் வரப்போகும் இடம்வரை டேப்பைப் பிடித்தாள். திரும்பவும் பிடித்தாள். ருமானா டேப்பின் எண்ணை எட்டிப் பார்த்தாள்.

“தாராளமா இருக்கு,” என்றாள் கஸ்தூரி கடைசியில். “இந்தக் கல்லை யாரு கண்டுபிடிச்சது?”

“இவங்கதான்,” என்று ருமானாவும் ஹாரூனும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் காட்டினார்கள்.

அதிலிருந்து பதினேழாம் நாள், மாதம் முடியுமுன்பே அனுமதி வந்தது. ருமானா காளிதாஸுக்குத்தான் முதலில் போன் செய்தாள். அவர் மெர்சிங்காரர்களிடம் அன்றே மறுத்துவிட்டார். முத்திரை குத்திய வரைபடங்களை வாங்கிக்கொண்ட பிறகு இருவருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. நேரே நிலத்துக்குப் போய், மழையில் காருக்குள் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மடியில் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை ஹாரூன் மெல்ல விரித்தான்.

“ருமா, அந்தப் பின்னறை ஜன்னலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளியிருந்தா...”

“வாயைத் திறக்காதீங்க, லா!” என்று அவள் வரைபடத்தைப் பிடுங்கிப் பின்சீட்டில் போட்டாள். “ஒரு கோடுகூட மாத்தக் கூடாது!”

அவன் சிரித்த சிரிப்பில் சோற்றோடு இருந்த காரச் சம்பல் சட்டையில் கொட்டியது.