குண்டூசி

மடித்த சட்டைகளுக்கும் படுக்கை விரிப்புக்கும் நடுவில் என் மனைவி ஒரு புத்தகத்தைச் செருகி மூட்டையைக் கட்டியபோதே நான் தடுத்திருக்க வேண்டும். எங்களுடையது இஸ்திரிக் கடை, நூலகம் அல்ல.

எல்லாம் அந்த இலக்கிய விழாவால் வந்த வினை. மேடைத் திரைச்சீலைக்கு இஸ்திரி போடும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. மாட்டிவிட்டு வருகிறேன் என்று போனவள் கடைசிப் பேச்சு வரை கேட்டுவிட்டுத்தான் வந்தாள். வாசகர் வருவார் என்று காத்திருக்காதீர்கள், புத்தகம் வீடு தேடிப் போகட்டும் என்றாராம் ஒருவர். அரங்கமே கைதட்டியதாம். கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார்கள். இவளுக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

"வீடு வீடா போறவங்க நாமதானேங்க!"

பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தாள். மூட்டைக்கு ஒன்று போகும், அடுத்த வாரம் கசங்கிய துணியோடு திரும்பி வரும். படித்தீர்களா என்று கேட்க அவளுக்குக் கூச்சம். அதனால் நடுவில் இரண்டு தாள்களைச் சேர்த்துக் குண்டூசி குத்தி அனுப்பினாள். அதை எடுத்தால்தான் கதை மேலே போகும்.

"யார் கையிலயாவது குத்திடப் போகுதும்மா."

"குத்தட்டுமே. குத்திடுச்சுன்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தாக்கூட எனக்குச் சந்தோஷம்தான்."

ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. ஊசிகள் குத்திய இடத்திலேயே திரும்பி வந்தன. ஒரு அட்டையின் மேல் டீ டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. அதற்கே அவள் முகம் மலர்ந்துவிட்டது, உள்ளே திறந்து பார்க்கும் வரை.

"இந்த வாரத்தோட நிறுத்திடறேன். கிறுக்குத்தனம்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அந்த வாரம் மூட்டைகளை நானே அவிழ்த்தேன். ஒரு புத்தகத்திலிருந்து ஊசியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏங்க, மூணாவது மாடி டீச்சரம்மா படிச்சிருக்காங்க!"

அன்று முழுக்கப் பாடிக்கொண்டே துணி மடித்தாள். அதன்பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. வாரத்துக்கு நாலைந்து பேரை வாசகராக்கினேன். அந்த விழாக்காரர்கள்கூட அத்தனை பேரை உண்டாக்கியிருக்க மாட்டார்கள்.

பையைத் துழாவாமல் சட்டையை மேசையில் விரிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். என் சட்டையும் சட்டைதான் என்பதை நான் மறந்துபோனேன்.

நேற்று 'ஸ்' என்று கையை உதறினாள். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். துணியில் பட்டுவிடாமல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையைக் கவிழ்த்தாள். ஊசிகள் மேசையில் உதிர்ந்தன. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"டீச்சரம்மாவுமா?"

தலையசைத்தேன்.

"நீங்களாவது ஒண்ணு படிச்சீங்களா?"

உதிர்ந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலர் மடிப்பு வரைக்கும் பார்த்துப் பார்த்துத் தேய்த்து, சட்டையை மடித்து, அதன் மேல் ஒரு புத்தகத்தை வைத்தாள்.

இன்று காலை வாடிக்கையாளர்களின் மூட்டைகள் வெறும் துணியாக, லேசாகப் போயின. என் சட்டை மட்டும் மேசை ஓரத்தில் வைத்தபடியே இருக்கிறது. அதன் மேலிருக்கும் புத்தகத்தின் தாள்களுக்கு வெளியே ஒரு குண்டூசித் தலை எட்டிப் பார்க்கிறது.