ஆளுக்கொரு பண்டார்

சூர்யநாராயணன் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக மென்பொருள் செய்து விற்கப் போகிறேன் என்று 1997இல் கிளம்பியபோது அவரைத் தெரிந்தவர்கள் யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் கேட்டிருப்பார். யார் எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிற மனிதர் அவர். அவரிடம் இருந்த கோளாறு அது ஒன்றுதான். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

அவர் செய்த மென்பொருளின் பெயர் பண்டார். மராத்தியில் சரக்கு வைக்கும் அறைக்கு அப்படிச் சொல்வார்கள். புனேயை ஒட்டிய சிஞ்ச்வட், போசரி பக்கத்தில் மோட்டார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைகளுக்கென்று அவர் எழுதியது அது. என்ன சரக்கு உள்ளே வந்தது, என்ன வெளியே போனது, எதற்குப் பில் போட்டாயிற்று என்பதைத் திரையில் காட்டும். பெயரைக் கேட்ட அன்றைக்கே அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மி, "ஏன்னா, கொஞ்சம் நீட்டிச் சொன்னா பண்டாரம்னு ஆயிடறதே" என்றாள். அவர் சிரித்தார். சாங்வியில் இருந்த வீட்டின் இரண்டாவது படுக்கையறை ஆபீஸ் ஆனது. அடுத்த வருஷம் முகமது ரஃபீக் வந்து சேர்ந்தான். வாணியம்பாடிப் பையன், புனேயில் படித்தவன். புரோகிராம் எழுதுவதில் அவரைவிடக் கெட்டிக்காரன் என்பது ஒரு மாதத்தில் இருவருக்குமே தெரிந்துவிட்டது.

முதல் வாடிக்கையாளர் ஷெலார். சிஞ்ச்வட்டில் தகடு வெட்டும் பிரஸ் பட்டறை வைத்திருந்தார். இந்தியும் மராத்தியும் கலந்து, தோளில் கைபோட்டுப் பேசுகிற ஆள். அவர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பில் முதலில் போகும், சரக்கு அப்புறம்தான் தயாராகும். மாதக் கடைசிக்குள் பில் போய்ச் சேர வேண்டுமே, அதற்காக. இருப்பில் இல்லாத சரக்குக்கு பில் போட பண்டார் மறுத்தது. மறுக்கத்தான் வேண்டும், அதற்காகத்தானே அதை எழுதியது.

ஷெலார் முகம் வாடிப்போனது. "சூர்யாஜி, புரோகிராம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என்னை நம்ப மாட்டேங்குதே" என்றார்.

"அதுக்கென்ன, பண்ணிடலாம்" என்றார் சூர்யநாராயணன். சொன்னதோடு நிற்கவில்லை. ஷெலாரின் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து, கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் புரோகிராமைத் திறந்து மாற்றிக் கொடுத்துவிட்டார். ஷெலாருக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு மதராஸி இருக்கிறார், கேட்டால் கேட்ட இடத்திலேயே செய்து கொடுக்கிறார் என்று அந்த வட்டாரம் முழுக்கச் சொல்லிவிட்டார். பண்டார் விற்றது அப்படித்தான். உண்மையில் விற்றது பண்டார் அல்ல, சூர்யநாராயணன்தான் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அதற்கப்புறம் கேட்பானேன். ஸ்பிரிங் செய்கிறவர், திரும்பி வந்த பழுதுச் சரக்கையும் இருப்பில் சேர்த்துக் காட்ட வேண்டும் என்றார். அடுத்த தெருவில் போல்ட் செய்கிறவர், பழுதைக் கழித்துக் காட்ட வேண்டும் என்றார். இரண்டும் ஆயிற்று. ஒரே விசையை அழுத்தினால் ஓர் இடத்தில் கூடும், இன்னோர் இடத்தில் குறையும். முலாம் பூசும் பட்டறைக்காரர் ஒருவர் பயந்த சுபாவம். மராத்திக்காரர்களுக்கு அமாவாசை ஆகாத நாள். அமாவாசையன்று தெரியாமல் புது ஆர்டருக்குப் பில் போட்டுவிடப் போகிறோமே என்று கவலைப்பட்டார். அவருக்காக வருஷக்கணக்கில் அமாவாசைத் தேதிகளை உள்ளே ஏற்றி, அன்றைக்கு எச்சரிக்கை வரும்படி செய்து கொடுத்தார்கள். எல்லாமே அந்தந்த வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில், அங்கேயே உட்கார்ந்து செய்தது. மாற்றியதும் ஃப்ளாப்பியில் ஒரு நகல் எடுத்து வரவேண்டும் என்று ரஃபீக் தலைப்பாடாக அடித்துக்கொள்வான். சூர்யநாராயணன் சில நாள் எடுத்து வருவார், பல நாள் அவர்கள் கொடுத்த டீயும் வடாபாவும் ஞாபகம் இருக்கும், நகல் ஞாபகம் இருக்காது.

இப்படியே ஏழு வருஷம் ஓடியது. சந்தோஷமான வருஷங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எந்தப் பட்டறைக்குப் போனாலும் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகள் வந்தன.

2005 ஏப்ரலிலிருந்து விற்பனை வரி போய் வாட் என்கிற புது வரி வரப்போகிறது என்று உறுதியானபோதுதான் சிக்கல் தெரிந்தது. எல்லோருடைய பில்லும் மாற வேண்டும், எல்லோருக்கும் ஒரே நாளில். ஒரு புரோகிராம் என்றால் ஒரு வாரத்து வேலை. இவர்களிடம் ஒன்றா இருக்கிறது? ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு பண்டார் இருந்தது, ஒன்று போல் இன்னொன்று இல்லை. இரண்டு பேர் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினால் அடுத்த தீபாவளிவரை ஆகும். அதுவரை யார் பில் போடாமல் காத்திருப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து பத்ரிநாத் வந்தார். மும்பை மாதுங்காக்காரர். மகாராஷ்டிரம் முழுக்கக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் சப்ளை செய்கிறவர். ஷெலார் மூலமாகப் பண்டாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்.

"ஒரே ஒரு பண்டார் குடுங்கோ, வாட்டோட. பெட்டில போட்டு நாசிக், கோலாப்பூர், நாக்பூர்னு நான் கொண்டு போறேன். மார்ச்சுல வந்து பாக்கறேன். நன்னா இருந்தா அன்னிக்கே கையெழுத்து" என்றார்.

அன்றைக்கு சூர்யநாராயணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். எல்லாப் பண்டாரையும் ஒன்றாக்கிவிட்டால் பழைய வாடிக்கையாளர்களும் தப்பிப்பார்கள், புது ஊர்களுக்கும் போகலாம். ஒன்றாக்க முடியாவிட்டால் ஏப்ரலோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். நடுவில் ஒரு வழி இல்லை என்பது அவருக்கும் தெரியும், ரஃபீக்குக்கும் தெரியும்.

ரஃபீக் ஒரு மாதம் மல்லுக்கட்டினான். ஹிஞ்ஜவடியில் ஒரு பெரிய கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அதையும் தள்ளிப் போட்டான். கடைசியில் ஒரு நாள் விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "சார், எல்லாத்தையும் ஒண்ணுக்குள்ள அடைக்க முடியாது. ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு இல்லங்குது. நீங்க ஒரு நாலு பேர்கிட்ட போயி, இது இனிமே கிடையாதுன்னு சொல்லிட்டு வாங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

"யார்கிட்ட சொல்றது?"

"ஷெலார்கிட்ட மொதல்ல சொல்லுங்க. அவருதான் உங்களுக்கு வேண்டியவரு, புரிஞ்சுக்குவாரு. இல்லாத சரக்குக்கு பில் கிடையாதுன்னு சொல்லுங்க. அந்த ஒண்ணு போனாலே பாதி சிக்கல் போயிடும்."

சூர்யநாராயணன் போனார். ஸ்கூட்டரில் பிம்ப்ளே குரவ், காசர்வாடி தாண்டும் வரைக்கும் சொல்ல வேண்டியதை இந்தியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். ஷெலார் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். மகளுக்கு நிச்சயமாகியிருந்ததாம், பேடா கொடுத்தார். பேடாவை வாயில் போட்டுக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது? அவர் தயங்குவதைப் பார்த்து, ஏதோ உதவி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று ஷெலார் நினைத்துக்கொண்டார். "நல்ல வேளை வந்தீங்க சூர்யாஜி, சரக்கு அனுப்பற சலான்ல டிரைவர் பேரும் வர்ற மாதிரி பண்ணித் தர முடியுமா?" என்றார்.

சூர்யநாராயணன் திரும்பி வந்தபோது ரஃபீக் நிமிர்ந்து பார்த்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "டிரைவர் பேர்தான், சின்ன வேலை" என்று அவராகவே சொன்னபோது அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். மற்ற மூன்று பேரிடமும் அவர் போகவே இல்லை. அந்த அமாவாசை எச்சரிக்கையையாவது எடுத்துவிடலாம் என்றான் ரஃபீக். "பாவம்பா, பயந்த மனுஷர். அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் சூர்யநாராயணன்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை பத்ரிநாத் வந்தார். நாளைத் தேர்ந்தெடுத்தது சூர்யநாராயணன்தான். வியாழக்கிழமை பட்டறைகளுக்கு மின்சாரம் கிடையாது, வார விடுமுறை. வாடிக்கையாளர்கள் போன் பண்ணித் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்.

பத்ரிநாத் வேறு யாரையும் தொடவிடாமல் தானே உட்கார்ந்தார். "நான் நாக்பூர் கடைக்காரன்னு வெச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு, பத்து உருப்படி இருப்பில் ஏற்றினார். ஐம்பதுக்குப் பில் போட்டார். பண்டார் மறுபேச்சில்லாமல் அச்சடித்துக் கொடுத்தது.

"பத்துதானே இருக்கு?"

ரஃபீக் சுவரைப் பார்த்தான். பத்ரிநாத் பழுதுச் சரக்கைப் பதிந்து பார்த்தார். ஒரு உருப்படிக்கு இருப்பு ஏறியது, இன்னொன்றுக்கு இறங்கியது. அவர் புருவம் உயர்ந்தது. அடுத்து புது ஆர்டர் ஒன்றைத் திறந்தார். திரை முழுக்கச் சிவப்பாகி, மராத்தியில் ஒரு வரி வந்து நின்றது: 'இன்று அமாவாசை. தொடரலாமா?'

காபியோடு வாசலில் நின்ற ஸ்ரீலக்ஷ்மி அதைப் படித்துவிட்டு, "ஆமா, இன்னிக்கு அமாவாசைதானே" என்றாள் வெள்ளந்தியாக.

அமாவாசைதான். சூர்யநாராயணன் அன்று காலையில்தான் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தர்ப்பணம் செய்திருந்தார். தர்ப்பைப் பவித்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே வந்து கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்தவர், அந்த நாளையும் உள்ளே கிடந்த எச்சரிக்கையையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவே இல்லை. பத்ரிநாத் விழுந்து விழுந்து சிரித்தார். ரஃபீக்குக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பத்ரிநாத் சூர்யநாராயணனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

"சூர்யா, நீர் பண்ணினது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதை நாக்பூர்ல யார் தலைல கட்டறது? இதுக்குள்ள உம்ம சிநேகிதாள்னா இருக்கா. புரோகிராம் எங்க இருக்கு?"

காபியைக் குடித்துவிட்டு அவர் மத்தியான ரயிலுக்கே போய்விட்டார். ரஃபீக் அடுத்த திங்கட்கிழமை, ஹிஞ்ஜவடிக்குப் போகட்டுமா என்று கேட்டான். சூர்யநாராயணனுக்கு மனதுக்குள் போகாதே போகாதே என்று அடித்துக்கொண்டது. "அதுக்கென்னப்பா, தாராளமா போ" என்றார். அவன் போனபிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஸ்ரீலக்ஷ்மிக்குக் கேட்டது. அவள் கதவைத் தட்டவில்லை.

ஏப்ரல் வந்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் போன் பண்ணினார்கள். யாரும் திட்டவில்லை. கடையில் பெட்டியில் விற்கிற மென்பொருள் ஒன்றை வாங்கிவிட்டோம், அதில் வாட் வருகிறது, தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். முலாம் பட்டறைக்காரர் மன்னிப்பே கேட்டார். ஷெலார் மட்டும் போன் பண்ணவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு சூர்யநாராயணன் மேஜையை விட்டு எழாமல் உழைத்தார். ஷெலாரின் பண்டாரில் மட்டும் வாட்டைக் கொண்டு வந்துவிட்டால் போதும், அதிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்று நினைத்தார். ரஃபீக் ஒரு வாரத்தில் முடித்திருப்பான். இவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஆனால் முடித்துவிட்டார். தப்பில்லாமல் வந்தது. ஒரு சிடியில் எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சிஞ்ச்வட்டுக்குப் போனார்.

ஷெலாரின் ஆபீஸில் பில் போடும் பெண் வைஷாலி, அவர் பார்த்திராத ஒரு திரையில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"நான்தான் சொல்லணும்னு இருந்தேன், வாய் வரல" என்றார் ஷெலார். "முதல் வாரம் ரொம்பத் திண்டாடினோம். சரக்கு இல்லாம பில் போட இது விடாது. மாத்திக் குடுன்னு கடைக்காரனைக் கேட்டேன். இதுல எதையும் மாத்த முடியாது சாஹேப்னு ஒரே போடா போட்டுட்டான். சரி, நாமதான் மாறணும்னு மாறிட்டோம். இப்ப சரக்கு முதல்ல, பில் அப்புறம். வாரத்துக்கொரு தடவை எண்ணிப் பாக்கறோம். பழகினா நல்லாத்தான் இருக்கு."

சூர்யநாராயணன் கேட்டார்: "அன்னிக்கு நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா, மாறியிருப்பீங்களா?"

ஷெலார் நல்ல மனிதர், யோசித்துத்தான் பதில் சொன்னார். "மாறியிருப்பேன்னு நினைக்கறேன். ஆனா நீங்க சொல்லவே இல்லையே, சூர்யாஜி."

டீ வந்தது. அதைக் குடிக்கும்போது ஷெலார் கொஞ்சம் தயங்கி, "வந்தது வந்தீங்க. மெஷின் ரொம்ப மெதுவா ஓடுது. பழசை எடுத்துட்டா சரியாகும்னு கடைக்காரன் சொன்னான். வைஷாலிக்கு எப்படின்னு தெரியல" என்றார்.

எந்தப் பட்டறையிலாவது இன்னும் ஓடக்கூடிய நிலையில் பண்டார் இருந்ததென்றால் அது அந்தக் கம்ப்யூட்டரில்தான். சூர்யநாராயணனுக்கு அது தெரியும். சட்டைப்பையில் சிடி இருந்தது. அதை எடுத்துக் காட்டி, இதிலும் வாட் வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அதுக்கென்ன" என்றார். வைஷாலி எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து பண்டார் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து மொத்தமாக அழித்தார். குப்பைத் தொட்டியிலும் போய்ப் பார்த்துக் காலி செய்தார். எதையும் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பிறகு அந்தப் புதிய மென்பொருளைத் திறந்து, வேகமாக வருகிறதா என்று வைஷாலியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நன்றாக வந்தது.

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

பிரிண்டரில் காகிதம் சிக்குகிறது என்றார் ஷெலார். சூர்யநாராயணன் அதையும் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.