மாமா பக்கத்துக் கதவு

மூன்று வாரமாக என் அக்காவுக்குக் 'கதவை உடைச்சவ' என்று பட்டம். காரின் கதவுகள் பொத்தானை அழுத்தினால் பூட்டாமல் போன நாளிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் புருஷன், என் மாமா, அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"படார் படார்னு சாத்துவா. எத்தனை நாள்தான் தாங்கும்?"

நான் கார் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் என் பட்டறைக்கு வந்தார்கள். முதலில் ஃப்யூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஒவ்வொரு பூட்டு மோட்டாருக்கும் தனி வயரில் கரண்ட் கொடுத்தேன். மூன்று கதவுகள் 'டொக்' என்று பூட்டிக்கொண்டன. டிரைவர் கதவு மட்டும் ஊமை. மற்ற மூன்றும் அது சொல்வதைக் கேட்டு நடப்பவை.

"கோளாறு உங்க கதவுலதான் மாமா. அக்கா உக்கார்ற பக்கம் நல்லாத்தான் இருக்கு."

"இதையும் அவதான் சாத்திருப்பா" என்றார், கன்னத்தில் அடக்கிய புகையிலையை மறுபக்கம் தள்ளியபடி.

கதவின் உள்பலகையைக் கழற்றிக் கையை விட்டேன். இரண்டு விரல்கள் எதிலோ புதைந்தன. வெயிலில் காய்ந்த கதவுக்குள் வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. வெளியே எடுத்தால் பழுப்புக் களிம்பு. அதில் புகையிலைத் துணுக்குகள், செத்த எறும்புகள். ஓடுகிற காரிலிருந்து அவர் துப்பியதில் பாதி காற்றில் திரும்பிக் கண்ணாடியில் பட்டு, வருஷக்கணக்காக உள்ளே வழிந்திருக்கிறது. மோட்டாரில் வயர் செருகும் பின்கள் பச்சையாகப் பூத்து அரித்துப்போயிருந்தன. நாற்றம் தொண்டைக்குள் இறங்க, வாளியைத் தேடி ஓடி வாந்தி எடுத்தேன்.

"மழைத் தண்ணி இறங்கியிருக்கும்" என்றார் மாமா.

"மழை புகையிலை போடுமா மாமா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சுளிக்கவே இல்லை. ஆணியில் தொங்கிய ரப்பர் கையுறையை எடுத்தாள்.

"தள்ளுடா, நான் கழுவுறேன். வீட்டு வாஷ்பேசினைத் தினமும் கழுவுறவதானே."

கையுறையை வாங்கி மாமாவிடம் நீட்டினேன்.

"என்ன மச்சான், இது உன் தொழில்தானே?"

"வயர் வேலைதான் என் தொழில். எச்சில் அள்ளுறது இல்ல."

சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு பிடி அள்ளியதுமே ஓங்கரித்தார்.

"ஐயோ, குமட்டுதுடா!"

"உங்க வாயிலேருந்து வந்ததுதான் மாமா. அள்ளுங்க."

அரை மணி நேரம் அள்ளினார். புது மோட்டாரும் வயரும் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டின.

"ஏறு" என்றார் அக்காவிடம்.

"நீங்க போங்க. நான் பஸ்ல வர்றேன்."

"அதான் சரியாயிடுச்சே?"

"பூட்டு சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அக்கா பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

நான்கு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.