மெர்லினின் மூக்கின் மேல் விழுந்த பழி

ஆனந்த்ராஜின் காலில், சுரங்க வேலைக்குப் போடும் மைன்ஸ் ஷூ உரசிய இடத்தில், கட்டி மறுபடியும் பழுத்தது. இந்த முறை டவுன்ஷிப் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கட்டியைக் கீறிச் சீழை எடுத்ததோடு விடவில்லை. அவன் மூக்கிலும் மனைவி மெர்லினின் மூக்கிலும் பஞ்சுக்குச்சியை விட்டுத் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

"இது ஸ்டாஃப்னு ஒரு கிருமி. மூணு பேர்ல ஒருத்தர் மூக்குல சும்மாவே குடியிருக்கும், அவங்கள ஒண்ணும் பண்ணாது. தோல் கிழிஞ்ச எடம் கெடைச்சா உள்ள பூந்துக்கும்" என்றார். "போன தடவ குடுத்த மாத்திரைய முழுசா முடிச்சீங்களா? வீட்டுக்கு வந்து போறவங்க யாருக்காவது கட்டி இருக்கா?"

"முடிச்சிட்டேங்க. யாருக்கும் இல்லைங்க" என்றான் ஆனந்த்ராஜ். மெர்லின் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

சோதனை முடிவு வந்தபோது கிருமி மெர்லினின் மூக்கில் மட்டும் இருந்தது. டாக்டரம்மா அதைப் பெரிதுபடுத்தவில்லை. மூக்கில் தடவ ஒரு களிம்பு, ஆளுக்கொரு துண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுவது, அவ்வளவுதான் சொன்னார். பெரிதுபடுத்துவதற்குத்தான் திருவதிகையில் மாமியார் அமிர்தம் இருந்தாளே. சேதி கேட்ட மறுநாளே குவார்ட்டர்ஸில் வந்து இறங்கினாள்.

"கட்டு போட்டதும் இவ, சோறு போட்டதும் இவ. எம்புள்ள காலு ஏன் ஆறும்?" என்றவள், பால்குடி மறக்காத பத்து மாதப் பெண்குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஒன் மூக்கு சுத்தமாவட்டும். அதுவரைக்கும் பாப்பா எங்கூட இருக்கட்டும்."

மெர்லின் கணவனைப் பார்த்தாள். அவன் காலில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். வீட்டுக்கு இளைத்தவள் எப்போதும் மருமகள்தான். ஆனால் இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மெர்லின் அதை நம்பிவிட்டாள். தன்னால்தான் கணவன் கால் அழுகுகிறது என்று நினைத்துப் போர்வை, துண்டு எல்லாவற்றையும் கொதிக்க வைத்தாள். கை தோல் உரியும்வரை கழுவினாள். முன்னறையில் தனியாகப் பாய் விரித்துப் படுத்தாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாய் வலித்தது. குளியலறையில் நின்று பீய்ச்சிவிட்டு அழுவாள். கொஞ்ச நாளில் அதற்கும் தேவையில்லாமல் பால் வற்றிப்போயிற்று.

பாப்பா போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு டெய்சி வந்தாள். ஆனந்த்ராஜின் தம்பி சைமன்ராஜின் மனைவி. அவர்கள் பக்கத்து ஊரான வடக்குத்தில் இருந்தார்கள். சைமனுக்கும் மைன்ஸில்தான் வேலை. அண்ணன் பர்மனென்ட், தம்பி கான்ட்ராக்ட்; டவுன்ஷிப் ஆஸ்பத்திரி வைத்தியம் அவனுக்குக் கிடையாது.

"அக்கா, மாமா எங்க?"

"ஷிப்டுக்குப் போயிருக்காரு. என்ன டெய்சி?"

"ஒண்ணுமில்லக்கா. ரெண்டு தடவையும் மாமா பாதி மாத்திரை குடுத்தாரு இல்ல, அதுல இன்னும் கொஞ்சம் கெடைக்குமா? இவருக்கு அக்குள்ல திரும்பக் கட்டி வந்துடுச்சி. கைய தூக்க முடியாம வூட்லயே படுத்துகினு கெடக்காரு."

வெள்ளை மனதோடு கேட்ட கேள்வி. மெர்லினுக்கு அப்போதுதான் விளங்கியது. ஞாயிறுதோறும் வந்து, அண்ணன் கட்டிலிலேயே படுத்து, அண்ணன் துண்டிலேயே முகம் துடைத்துப் போனவன் சைமன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், அந்தச் சோற்றையும் இவள் கையாலேயே வடிக்க வைத்து.

ஆனந்த்ராஜ் ஷிப்ட் முடிந்து வந்ததும் வாசலிலேயே கேட்டாள். அவன் மறுக்கவில்லை.

"ஒரு நாள் லீவு போட்டா அவனுக்குச் சம்பளம் போயிடும். கூடப் பொறந்தவன், பாத்துகினு சும்மா இருக்கச் சொல்றியா?"

"குடுத்தத நான் கேக்கல. பாப்பாவ தூக்கிகினு போனாங்களே, அப்ப ஏன் வாய மூடிகினு இருந்தீங்க?"

"டாக்டருக்குத் தெரிஞ்சா கம்பெனி குடுக்கற மெடிக்கல் சலுகையில கை வைப்பாங்கன்னு பயந்தேன். நீ போய்ச் சொல்லித் தொலைக்காத."

மறுநாளே போய்ச் சொன்னாள், அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாதி தின்னா நோஞ்சான் கிருமி செத்துப் போகும், முரட்டுக் கிருமி நிக்கும். ரெண்டு பேரும் கெட்டீங்க. உங்க தம்பி பண்ருட்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா காசில்லாம கீறிச் சீழ் எடுத்திருப்பாங்களே. சீழ் உள்ள இருக்கறப்ப வெறும் மாத்திரை என்ன செய்யும்?" பிறகு மெர்லினிடம் திரும்பி, "உங்க மூக்குலேருந்துதான் போச்சுன்னு நான் சொல்லவே இல்லையேம்மா. கொழந்தைய ஏன் பிரிச்சீங்க?" என்றார்.

அதற்கு ஆனந்த்ராஜ்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

மெர்லின் நேராகத் திருவதிகைக்குப் பஸ் ஏறினாள். உண்மை தெரிந்தால் மாமியார் கூசிப்போவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அமிர்தம் முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். நான்தான் தம்பிக்குப் பாதிய குடுடான்னு சொன்னேன். ஒரு புள்ள சௌக்கியமா இருந்து ஒரு புள்ள நொந்து கெடந்தா, பெத்த வயிறு கேக்குமா?"

"அப்ப என் வயிறு, அத்தை?"

அமிர்தம் அரிசியில் கல் பொறுக்கினாள். மெர்லின் குழந்தையைத் தூக்கினாள். அது மிரண்டு, வீறிட்டு, அமிர்தத்தை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பஸ்ஸில் ஏறியும் அழுகை ஓயவில்லை. மார்போடு அணைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது, தட்டிக் கொடுத்தால் இன்னும் உரக்கக் கத்தியது. பக்கத்து சீட்டில் கூடையோடு இருந்த பெண்மணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, புள்ள இப்டி ஏங்குதே, அதோட அம்மா எங்க?" என்று கேட்டாள்.

"நான்தாங்க" என்றாள் மெர்லின்.

அந்தப் பெண்மணி நம்பவில்லை. குழந்தையைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.