கடல் இன்னும் காலியாகவில்லை

ஒன்பதரைக்குள் கடல் காலியாக வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கு ராக்கெட் கிளம்பாது, வெர்னாவின் வேலையும் தங்காது. கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையில், லாப்ஸ்டர் என்கிற சிங்கி இறால் பிடிக்காமல் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் ஸ்விக்கர் குடும்பத்தில் அவள்தான். ராக்கெட் பறக்கும் வழியில் நிற்கிற படகுகளை ரேடியோவில் விலகச் சொல்வதுதான் ஏவுதளத்தில் அவள் உத்தியோகம். முப்பது படகும் முனகிக்கொண்டே விலகிவிட்டன. ஒன்று மட்டும் நட்டநடுவில் நின்றது. யாருடையது? வேறு யார், கூடப் பிறந்த அண்ணன் லோர்னுடையதுதான்.

மைக்கை எடுத்தாள். "அண்ணே, மானத்தை வாங்காதே. கிளம்பு."

"எங்கேம்மா கிளம்பறது? உங்க கம்பெனிச் சாமான் கடலடியில என் லாப்ஸ்டர் கூண்டையெல்லாம் நசுக்கிட்டுக் கிடந்துச்சு. இப்பத்தான் கயிறு போட்டு மேலே இழுத்து வச்சிருக்கேன்."

"என்ன சாமான்?"

"போன ராக்கெட்டோட மூக்குல இருந்த மூடி. எங்க அடுப்படி அகலம் இருக்கு. கம்பெனி பேருகூட அழியலை."

ராக்கெட்டின் மிச்சமெல்லாம் ஆழ்கடலுக்குப் போய்விட்டது என்று ஊர்க் கூட்டத்தில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவளே வெர்னாதான். கம்பெனி எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தாள், பாவி.

ஏவுதளத் தலைவர் ஓக்ஸ் பின்னால் வந்து நின்றார். "உங்க அண்ணனுக்கு எடுத்துச் சொல்லுங்க வெர்னா. கடல்ல எங்கெங்கே குப்பை கிடக்குன்னு மேலேருந்து பாக்கத்தானே இந்த சாட்டிலைட்டே போகுது. எல்லாம் பூமிக்காகத்தான்."

மைக் திறந்தே இருந்தது. லோர்ன் விழுந்து விழுந்து சிரித்தான். "அதுக்கு அவ்வளவு தூரம் எதுக்கு சார் போகணும்? என் படகுக்குப் பின்னாலயே கிடக்கு, வந்து பாருங்க."

ஓக்ஸ் பட்டென்று மைக்கை அணைத்தார். "கயித்தை அறுத்துட்டு வரச் சொல்லுங்க. மறுபடி முழுகிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

தன் இடத்துக்குப் போய், எல்லாம் தயாரா என்று ஒவ்வொரு மேஜையாகக் கேட்க ஆரம்பித்தார். சாட்டிலைட்டின் சொந்தக்காரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"காற்று?"

"தயார்."

"எரிபொருள்?"

"தயார்."

"கடல்?"

வெர்னாவுக்கு வீட்டுக் கடன் ஞாபகம் வந்தது. அண்ணனின் நசுங்கின கூண்டுகளும் வந்தன.

"காலியில்லை."

ஓக்ஸ் முறைத்தார். சொந்தக்காரம்மா எட்டிப் பார்த்தார். "இன்னும் யாரும்மா அங்கே இருக்கறது?"

"நாமதான் மேடம். கம்பெனி பேருகூட அழியலை" என்றாள் வெர்னா.