ஏற்கெனவே இருக்கும் கிணறுகள்

உலகத்தில் தண்ணீர்ப் பஞ்சம் என்று ஒன்று கிடையாது. சட்டம் எழுதத் தெரிந்த ஆட்களுக்குத்தான் பஞ்சம். இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் சட்டச் சீராய்வுக் குழுவின் அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். விசிறி ஓடினால் காகிதம் பறக்கும், நின்றால் வியர்வை காகிதத்தில் சொட்டும். ஆகவே எல்லா மாநிலங்களின் நிலத்தடி நீர்ச் சட்டங்களையும் இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே படித்து வந்தார்.

அலுவலகத்தில் அவருக்கு உட்பிரிவு என்று பெயர். டீ வேண்டுமா என்று கேட்டால், "முதலில் டீ. அதற்கு உட்பட்டு, சர்க்கரை" என்று பதில் சொல்லக்கூடியவர். புதுச் சட்டத்தின் வரைவை எழுதும் வேலை அவருடையது.

அவர் படித்த வரையில் சட்டங்கள் மூன்று ரகம். சில மாநிலங்களில் நிலம் யாருடையதோ, அடியில் இருக்கும் தண்ணீரும் அவருடையது. எவ்வளவு இறைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறக்க முடியாது. சிலவற்றில் நியாயமான அளவுக்கு இறைக்கலாம். நியாயம் எவ்வளவு என்று வழக்காடி முடிப்பதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். இன்னும் சிலவற்றில் தண்ணீர் எல்லோருக்கும் பொது, அரசாங்கம் வெறும் காவல்காரர், அனுமதி வாங்கித்தான் தோண்ட வேண்டும். உட்பிரிவு இருந்த மாநிலம் முதல் ரகம். அது அவருக்குப் பெரிய தலைகுனிவாக இருந்தது.

"ஒரே போர்வையில ரெண்டு பேரு படுத்திருக்காங்க. யாரு முதல்ல இழுக்கறாங்களோ அவங்களுக்கே போர்வை. இதைச் சொல்ல ஒரு சட்டசபை, அதைச் சரின்னு சொல்ல ஒரு நீதிமன்றம்!" என்று கேண்டீனில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய வரைவு மூன்றாவது ரகம். குழு அமைக்கப்பட்ட நாளுக்குப் பிறகு யார் ஆழ்துளைக் கிணறு போட்டாலும், பழையதை ஆழப்படுத்தினாலும் அனுமதி வேண்டும். அதனால் தன் கிணறு வற்றிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுத்தால், விசாரணை முடியும்வரை மோட்டாருக்குப் பூட்டு. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அவருக்கே புல்லரித்தது.

குழுவின் தலைவருக்குப் புல்லரிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கூட்டம் முழுக்க வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்பார், கடலை தீர்ந்ததும் தீர்ப்பு வரும். வரைவில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: 'சட்டம் அமலுக்கு வரும் நாளில் ஏற்கெனவே இருக்கும் கிணறுகளுக்கு இது பொருந்தாது.'

"இருக்கறவங்க வயித்துல அடிக்கக் கூடாதுப்பா. ஊரே கொடி பிடிச்சுக்கிட்டு வரும்" என்றார்.

"ஐயா, தேதியைச் சொல்லிட்டா அதுக்குள்ள ஊரே தோண்டி முடிச்சிடும். திருட்டை ஒழிக்கச் சட்டம் போட்டுட்டு, திருடனுக்கு நாள் குறிச்சுப் பத்திரிகை வைக்கிற மாதிரி இருக்கு."

"பத்திரிகையை நல்ல காகிதத்துல அடிங்க" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். வரி வரைவில் உட்கார்ந்துகொண்டது. உட்பிரிவு அன்று டீ குடிக்கவில்லை. அதற்கு உட்பட்டு, சர்க்கரையும் இல்லை.

பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நூலக அரங்கில் நடந்தது. உட்பிரிவின் அக்கா கடையை மூடிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி மைக்கைத் தட்டிப் பார்த்ததற்கே கைதட்டினாள். அவர் மோட்டார் பூட்டைப் பற்றிச் சொன்னார். போர்வைக் கதையைச் சொன்னார், அரங்கம் சிரித்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார்.

"சார், சட்டம் வர்றதுக்கு முன்னாடி என் வீட்டு போரை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கலாமா? ஏன்னா பக்கத்து வீட்ல..."

"தாராளமா இறக்குங்கண்ணே" என்றார் உட்பிரிவு. "வாசல்ல ஒண்ணு, சமையலறையில ஒண்ணு, கட்டிலுக்கு அடியில ஒண்ணு போட்டு வைங்க. ராத்திரி தாகம் எடுத்தா எழுந்திருக்கக்கூட வேணாம்."

அரங்கம் குலுங்கியது. அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கண்ணாடிக்கடைக்காரர் மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே உட்கார்ந்து, கையிலிருந்த குடையை ஏதோ பழுது பார்ப்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவின் வீடும் தம்பியின் வீடும் ஒரே மனை. அப்பா போன பிறகு நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். கிணறு அக்கா பக்கம் போனது, ஆழ்துளைக் குழாய் தம்பி பக்கம். அக்கா சலவைக்கடை வைத்திருந்தாள்; ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும், வெளுத்து மடித்துப் போகும். குடும்பம் நடந்தது அந்தக் கிணற்றில்தான்.

கோடை முற்றியதும் தம்பி வீட்டுக் குழாய் இருமத் தொடங்கியது. காற்று, கொஞ்சம் சேறு, மறுபடி காற்று. அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் தன் கிணற்று மோட்டாரிலிருந்து ரப்பர் குழாயை இழுத்துச் சுவர் மேலாகப் போட்டாள்.

"பிடிச்சுக்கடா. குழந்தை இருக்கற வீடு."

ஒரு வாரம் பிடித்துக்கொண்டார்கள். உட்பிரிவின் மனைவிக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

"அவங்க தொழில் பண்ற தண்ணிங்க அது. நாம குளிக்கக் குளிக்க அவங்க விரிப்புல அழுக்கு நிக்குது. எத்தனை நாளைக்கு இப்படிக் கை நீட்டறது?"

"சட்டம் வரட்டும். சமமாப் பங்கிட வழி பண்ணியிருக்கேன்."

"வரட்டும். அதுவரைக்கும் குழந்தையை எதுல குளிப்பாட்டறது? உங்க வரைவைப் பிழிஞ்சா சொட்டுமா?"

அக்காவிடம் கை நீட்டுவது கூச்சமாகத்தான் இருந்தது. அதைவிடக் கூச்சமான யோசனை ஒன்று அவருக்குள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அவர் முறைப்படி காரணங்கள் தயாரித்தார். தலைவரின் வரிதான் வரைவில் நிற்கிறது. தன் வாதம் தோற்றுவிட்டது. தோற்றுப்போன வாதத்துக்காக யாராவது குளிக்காமல் இருப்பார்களா? மேலும், தன் குழாயை ஆழப்படுத்தினால் அக்காவுக்கும் நல்லதுதான், ரப்பர் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காரணங்கள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தினால் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அன்றைக்கு அதைப் புரட்டவில்லை.

துளைபோடும் லாரியோடு வந்தவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டே கேட்டார்: "ஃப்ளஷ் பண்ணித் தூர் எடுக்கணுமா, இறக்கணுமா சார்?"

உட்பிரிவு சுவரைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "இறக்கணும். யாராவது கேட்டா ஃப்ளஷ்னு சொல்லிடுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. இந்தக் கோடையில இந்த வட்டாரம் முழுக்க ஒரே ஃப்ளஷ்தான்."

லாரி உறுமியது. இரும்பு ராடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூமிக்குள் போய்க்கொண்டே இருந்தன. பாறைத்தூள் வெள்ளையாகக் கிளம்பிச் சுவரைத் தாண்டி, அக்கா காயப்போட்டிருந்த விரிப்புகள்மேல் இறங்கியது. சத்தம் கேட்டு அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள்.

"என்னடா இது, வீட்டையே தூக்கிக்கிட்டுப் போறாங்களா?"

"பழைய போரைத் தூர் எடுக்கறோம்க்கா. ஃப்ளஷ்."

"இவ்வளவு அழுக்கா அடைச்சுக்கிட்டிருந்துச்சு? அதான் உனக்குத் தண்ணி வரல. போகட்டும், எல்லாம் போகட்டும்."

லாரிக்காரர் இன்னொரு ராடை எடுத்து மாட்டினார். அக்கா விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறி இறக்கி, திரும்பவும் தொட்டியில் போட்டாள். தன் கிணற்றிலிருந்து இறைத்து, தம்பியின் தூசியை மறுபடி துவைத்தாள். உட்பிரிவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போனார். தூசிக்காக என்று மனைவியிடம் சொன்னார்.

தண்ணீர் பீறிட்டு வந்தது. குழந்தை அதில் கைதட்டியது. மனைவி முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் கேட்டாள்: "அக்கா கிணத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அது வேற பாறை, இது வேற பாறை" என்றார். பாறைகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதே கேள்விக்கு, வரைவின் விளக்கக் குறிப்பில், இரண்டும் பெரும்பாலும் ஒரே ஊற்று என்று அவரே இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். அவர் போய் எட்டிப் பார்த்தார். கிணற்றில் மோட்டார் வறண்ட தொண்டையோடு இழுத்துக்கொண்டிருந்தது. அடியில் ஒரு பாத்திரம் அளவுக்குக் கலங்கல், அதற்குள் எப்போதோ விழுந்த ஒரு சோப்புத் துண்டு.

"அப்பா காலத்துலகூட இப்படி ஆனதில்லடா. பின்தெருவுல புதுசா மண்டபம் கட்டினானே, அவன்தான் ஆழமா இறக்கியிருக்கான். நாலு பேரு சொல்றாங்க."

"இருக்கலாம்க்கா."

"என்ன இருக்கலாம்? நல்லா உறிஞ்சிட்டான். ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை கேட்டுட்டாங்க, விரிப்பு ஏன் வரலன்னு. இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துடுவாங்க. அப்புறம் நான் எதை வெளுக்கறது?"

"நம்ம வீட்லேர்ந்து குழாய் போட்டுத் தர்றேன். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க."

"குடிக்க எடுத்துக்கறேன். தொழிலுக்கு வேணாம்டா. போன மாசம்தான் நீயே சொட்டுத் தண்ணி இல்லாம நின்ன. உன்னோடதையும் நான் வத்த வெச்சா அது அடுக்குமா?" பிறகு முகம் கொஞ்சம் தெளிந்து, "உன் சட்டம் வந்தா மனு கொடுக்கலாம்ல? அன்னிக்கு மேடையில சொன்னியே, விசாரணை முடியறவரைக்கும் பூட்டுன்னு?"

"கொடுக்கலாம்."

"நீயே எழுதிக் கொடு. உன் எழுத்துன்னா அவன் நடுங்கிடுவான்."

"எழுதறேன்க்கா" என்றார் உட்பிரிவு. குரல் அவருடையதாக இல்லை. அக்கா அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டு, "நீ மனசை விட்டுடாத, பார்த்துக்கலாம்" என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள்.

அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று இருமுறை சுவர்வரை போனார். இருமுறையும் அக்கா ஏதாவது ஒரு வேலையாக இருந்தாள், அல்லது அப்படித்தான் என்று இவர் முடிவு செய்துகொண்டார்.

வரைவை இறுதி செய்யும் கூட்டம் மறுவாரம் கூடியது. தலைவர் கடலை கொண்டுவரவில்லை. அதிலேயே அறையில் ஒரு பதற்றம்.

"நான் நாலு இடம் போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்றார். "அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்கும் போனேன். பாவம், பக்கத்து வீட்டுக்காரன் இறக்கினதுல அவரு போர் வத்திப் போய் ஆறு மாசம் ஆகுது. அன்னிக்கு அதைச் சொல்லத்தான் எழுந்திருக்காரு." உட்பிரிவைப் பார்த்தார். "நீ சொன்னதுதான்பா சரி. ஏற்கெனவே இருக்கற கிணறுங்கற என் வரியை எடுத்துடலாம். உன்னோட பழைய பிரிவே இருக்கட்டும். குழு அமைச்ச நாளுக்கப்புறம் எவன் இறக்கியிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரங்க மனு கொடுக்கலாம், பூட்டலாம்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தட்டினார்கள். தட்டச்சு செய்யும் பெண் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, "சார், ஜெயிச்சுட்டீங்க" என்றாள்.

உட்பிரிவு எழுந்து நின்றார். அவர் கண்முன் வந்தது ஒரு பூட்டு. அதை மாட்ட வரும் அதிகாரி, அவருக்குப் பின்னால் மனுவோடு அக்கா, அவள் முகம் மெல்ல மெல்லப் புரிந்துகொள்வது.

"ஐயா, நடைமுறைச் சிக்கல் வரும்" என்றார்.

"என்ன சிக்கல்?"

"நல்ல எண்ணத்தோட போட்டவங்களும் இருப்பாங்க. குழந்தை குட்டிக்காக. அவங்களையும் சேர்த்துப் பூட்டினா... இருக்கறவங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்."

"நீங்கதானே சார் அன்னிக்கு அவ்வளவு கிண்டல் பண்ணீங்க?" என்று தட்டச்சுப் பெண் நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"அப்போ விவரம் போதல."

தலைவர் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா? ஜெயிச்ச வாதத்தையே விட்டுக் கொடுக்கறான். இதுக்குப் பேருதான் பக்குவம். எல்லாருக்கும் வராது. சரிப்பா, உன் இஷ்டம். வரி இருக்கட்டும்."

எல்லோரும் மறுபடி மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை உட்பிரிவு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு, "நானே அடிக்கிறேன்" என்று சொல்லித் தட்டச்சுப் பெண்ணின் இடத்தில் உட்கார்ந்தார். சட்டம் அமலுக்கு வரும் நாளில் ஏற்கெனவே இருக்கும் கிணறுகளுக்கு இது பொருந்தாது. படித்துப் பார்த்தார். கைதேர்ந்த வரைவாளர் அல்லவா, ஓட்டை உடனே கண்ணில் பட்டது: கிணறு பழையது, ஆனால் ஆழம் புதியது என்று யாராவது மனு கொடுத்தால்?

'கிணறுகளுக்கு' என்ற சொல்லை 'கிணறுகளுக்கும்' என்று திருத்தி, அதற்குப் பின்னால் 'அந்நாளில் அவற்றுக்கு உள்ள ஆழத்துக்கும்' என்று சேர்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தும் அதை மிக மெதுவாக, விசைகள் சத்தம் போடாதபடி அடித்தார்.